அழாத பிள்ளை

நகம் வெட்டும்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பிள்ளையை மடியில் குறுக்காக உட்கார வைத்து, அதன் கால்கள் இரண்டையும் தன் முழங்கால்களுக்கு நடுவே பூட்டிக்கொள்வாள். இடது கையால் ஒரே ஒரு விரலை நிமிர்த்திப் பிடிப்பாள். அது ஆடாமல் நிற்கிற நொடிக்காகக் காத்திருந்து நறுக்கென்று வெட்டுவாள். வெட்டிய துண்டு தரையில் விழக் கூடாது, விரித்து வைத்த ஈரத்துணியில்தான் விழ வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். முடியாதவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார்கள்.

“கைய மறைச்சா நகம் இல்லாம போயிடுமா? நீட்டுடா.”

“வலிக்கும் அத்தை.”

“நகத்துக்கு வலிக்காது. உனக்கு வலிச்சா சொல்லு, நிறுத்திடுறேன்.”

பிள்ளைகளுக்கு அவள் அத்தை. எங்களுக்குச் சமாளிப்பு. பால் வண்டி வராவிட்டாலும், இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தாலும், தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அவள் வாயில் வருவது ஒரே சொல்: “சமாளிச்சுக்கலாம்.” ஒருமுறை முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் பார்வையிட வந்தபோது அறையில் பாதிப் பிள்ளைகள் அம்மணமாக ஓடிக்கொண்டிருந்தன. “காத்தாட விடணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க சார்” என்று என் தலையில் போட்டுவிட்டு இடுப்புத் துணிகளைத் தேடப் போய்விட்டாள்.

அது சோப்பு செய்து உறை சுற்றும் தொழிற்சாலை. வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு சிறு முற்றமும் இருந்தன. ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்த நான் அந்த அறைக்குப் பொறுப்பு. அவள் அதற்கு முன் பல வருடம் உறை சுற்றும் பிரிவில் இருந்தவள். மணிக்கட்டு போனதும் பிள்ளைகள் பக்கம் மாற்றினார்கள். செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரை வளர்த்து ஆளாக்கியிருந்தாள் என்பதுதான் அவளுடைய தகுதி. பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினோம். பாதி வகுப்பில் தூங்கினாள். விழித்திருந்த பாதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: பிள்ளை கடித்தால் திருப்பிக் கடிக்கலாமா? கூடாது என்று சொன்னதும், “அப்ப சமாளிச்சுக்கலாம்” என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் பிள்ளைகளைக் கவனிக்கிற கண் அவளுக்கு இருந்தது. பிள்ளைகள் யோசிப்பதில்லை என்று நினைக்கிறவர்கள் அவர்களோடு ஒரு முழுப் பகல் இருந்ததில்லை. யோசிக்கிறார்கள். அந்தந்த வயதில் தலைக்குள் என்ன சரக்கு இருக்கிறதோ அதை வைத்து யோசிக்கிறார்கள். எங்களிடம் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணனுக்கு ஆறு வயது. பள்ளி இல்லாத நாட்களில் இங்கே வருவான். தங்கைக்கு நாலு. சமாளிப்பு அவளைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவாள்.

“உனக்கு அண்ணன் இருக்கானா?”

“இருக்கான்.”

“உங்கண்ணனுக்குத் தங்கச்சி இருக்கா?”

“இல்ல.”

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான். வீட்டில் தங்கச்சி என்று வேறு யாரும் இல்லையே, அவள் மட்டும்தானே இருக்கிறாள். அண்ணனுக்கு அவமானமாகிவிடும். “நீதாண்டி என் தங்கச்சி, மக்கு” என்பான். அவன் அந்தப் படியைத் தாண்டி வந்துவிட்டவன். எதற்கும் காரணம் கேட்பான். சொன்ன காரணத்தில் ஓட்டை இருந்தால் விரலை விட்டுக் காட்டுவான். அதனால் அவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தோம்.

அன்று நகம் வெட்டும் வரிசையில் இவர்கள் இரண்டு பேரும் இல்லை. முற்றத்தின் மூலையில் சமையல் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. கூட இன்னொருவன், உருண்டை. இரண்டரை வயது, பேச்சு அவ்வளவாக வராது. தொழிற்சாலை வேன் ஓட்டுநரின் பிள்ளை. கையில் கிடைப்பது எதுவும் நேரே வாய்க்குப் போகும்.

வரிசை முடிந்ததும் சமாளிப்பு அவர்களைக் கூப்பிட எழுந்து போனாள். அவள் திரும்பி வரவில்லை. “சிஸ்டர், இங்க கொஞ்சம் வாங்க” என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள், ஆகவே நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். அவற்றில் இலைத் துண்டுகள், மண், பளபளவென்று பழுப்புப் புள்ளி போட்ட விதைகள். ஆமணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரத்தில் தானாக முளைக்கிற செடி. வெட்ட வெட்ட வரும். ஒரு கிளை சுவரைத் தாண்டித் தலை நீட்டிக் காய்களை உள்ளே கொட்டியிருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை. சமாளிப்பின் உள்ளங்கையில் ஒரு விதை இருந்தது. ஓடு பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பருப்பு எச்சிலோடு நசுங்கியிருந்தது.

யாரோ கடித்திருக்கிறார்கள். துப்பியது இது. துப்பாதது எங்கே?

“சாப்பிட்டீங்களா?” என்று நான் கேட்டேன்.

“ஆச்சு” என்றான் அண்ணன். “ஆச்சு” என்றாள் தங்கை. “ஆச்சி” என்றான் உருண்டை.

அது பதில் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் அறையில் சாப்பாட்டு நேரத்தில் சமாளிப்பு தட்டுகளுக்கு நடுவே நடந்துகொண்டே “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பாள். “ஆச்சு” என்கிறவர்கள் விளையாடப் போகலாம். அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் அவர்களுக்குத் தெரியும். போதாததற்கு இது விளையாட்டுச் சமையல். காற்றை அள்ளி வாயில் போட்டு மென்றதும் சாப்பிட்டதுதான்.

சமாளிப்பு மூன்று பேரின் வாயையும் திறந்து விரலால் துழாவினாள். உருண்டையின் வாயில் மண் இருந்தது. தங்கையின் வாயில் ஒன்றும் இல்லை. அண்ணன் வாயைத் தானே அகலத் திறந்து காட்டினான். அதிலும் ஒன்றும் இல்லை. வாய்களைக் கொப்பளிக்க வைத்து, தட்டில் இருந்த விதைகளைத் துணியில் முடிந்துகொண்டு, மற்றப் பிள்ளைகளைச் சமையல்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வேனில் ஏறினோம். வேனை ஓட்டியது உருண்டையின் அப்பா. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் அம்மா உறை சுற்றும் இடத்திலிருந்து தலையில் கட்டிய துணியோடு ஓடி வந்து ஏறினாள்.

“எம் புள்ளைதான் சிஸ்டர். வேற யாரு. செருப்பையே கடிச்சவன்” என்றார் ஓட்டுநர். கண்ணாடியில் பிள்ளையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

“ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. அவன நான் பாத்துக்குறேன்” என்றாள் சமாளிப்பு.

அம்மாக்காரி தங்கையைத் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “நீ தின்னியா? சொல்லு. தின்னியா?”

“தின்னேன்.”

“நிஜமாவே தின்னியா?”

“இல்ல.”

“கடிச்சியா?”

“கடிச்சேன்.”

“கடிச்சியா இல்லையா, ஒழுங்காச் சொல்லு!”

“கடிக்கல.” அவள் அழ ஆரம்பித்தாள்.

அந்த வயதுப் பிள்ளையிடம் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடும். பெரியவர்கள் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தோன்றாது. அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. சரியான பதிலை நாம் சொல்கிற வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். அம்மாவின் கையை நான் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் கேட்க வேண்டியதற்கு மேல் கேட்டாகிவிட்டது.

அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். “டேய், நீ?” என்று கேட்டதற்கு, “நான் எதுவும் சாப்பிடல” என்றான். தெளிவாக, முகத்தைப் பார்த்து. கொஞ்சம் முன்னால் “ஆச்சு” என்றவன்தான். அப்போது நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இளவயது. ஆனால் பதறாதவர். விதையைப் பார்த்த உடனே ஆமணக்கு என்று சொல்லி மூன்று பேரையும் உள்ளே அழைத்துக்கொண்டார். எங்களை ஓரமாக நிறுத்தி, சின்னக் குரலில் விஷயத்தைச் சொன்னார்.

“இதோட ஓடு கெட்டி. முழுசா முழுங்கியிருந்தா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும். கடிச்சிருந்தாத்தான் விஷம் இறங்கும். அதுவும் உடனே தெரியாது. நல்லா விளையாடிக்கிட்டு இருப்பாங்க, பல மணி நேரம் கழிச்சு வாந்தி ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடியே கரிக் கரைசல் உள்ள போனா விஷத்தக் கொஞ்சமாவது பிடிச்சு வைக்கும். எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது.”

“மூணு பேருக்கும் குடுத்துடுங்க டாக்டரம்மா” என்றார் ஓட்டுநர்.

“குடுக்கலாம். இந்தக் குட்டி அவனா குடிக்க மாட்டான். மூக்கு வழியாக் குழாய் விடணும். திமிறிப் புரையேறி அது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, இல்லாத வியாதிய நாமளே வாங்கிக் குடுத்த மாதிரி. கடிச்சது யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்கு முதல்ல குடுப்பேன். தெரியலன்னா நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது, சின்னவன்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.”

செவிலி குழாயை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். உருண்டைக்கு என்ன புரிந்ததோ, அப்பாவின் சட்டையைப் பற்றிக்கொண்டு வீறிட்டான். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். “வயிறு வலிக்குதா?” என்று டாக்டரம்மா கேட்டார். தலையை ஆட்டினாள். “எங்க?” வயிறு முழுக்கக் கையை ஓட்டிக் காட்டினாள். அம்மாக்காரி அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“உங்கள நம்பித்தானக்கா விட்டுட்டுப் போனேன்.”

சமாளிப்பு அவள் எதிரே வந்து நின்றதும் அவள் குரல் உயர்ந்தது.

“நகம் வெட்டிக்கிட்டு இருந்தீங்களாம். நகம்! எம் புள்ளைங்க விஷத்தத் தின்னுச்சுங்க, நீங்க நகம் வெட்டிக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா” என்றாள் சமாளிப்பு. “திட்டறத அப்புறம் திட்டு. இப்ப அவள எங்கிட்டக் குடு. நீ அழுதா அவளும் அழுவா, ஒண்ணும் வெளிய வராது. கொஞ்சம் அப்பால போய் நில்லு.”

குடுக்க மாட்டேன் என்றுதான் அவள் நின்றாள். டாக்டரம்மா கண்ணைக் காட்டிய பிறகு கொடுத்தாள். சமாளிப்பு அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தாள். எதுவும் கேட்கவில்லை. தடவிக் கொடுக்கக்கூட இல்லை, சும்மா நடந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். செவிலி குழாயின் நீளத்தை உருண்டையின் மூக்கிலிருந்து வயிறு வரை வைத்து அளந்துகொண்டிருந்தாள். இனி அதை உள்ளே விட அதிக நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

தங்கை தேம்பலுக்கு நடுவில் அவள் காதோரம் கேட்டாள். “அத்தை, எனக்கு மரம் எப்ப வரும்?”

“என்ன மரம்?”

“வயித்துல.”

சமாளிப்பின் நடை நின்றது. “வயித்துல மரம் வருமா?”

“நீங்கதான சொன்னீங்க. கொட்டைய முழுங்கினா வயித்துல மரம் முளைக்கும்னு. காது வழியா கெளை வரும்னு.”

சொன்னவள் அவள்தான். பழம் கொடுக்கிற நாளெல்லாம் சொல்வாள். கொட்டை தொண்டையில் சிக்கிப் பிள்ளை மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்ற பயத்தில் சொன்னது. உலகத்தில் பிள்ளை வளர்க்கிறவர்கள் பாதிப் பேர் சொல்கிறதுதான்.

“நீ முழுங்கிட்டியா கண்ணு?” என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “அப்ப யாருக்கெல்லாம் மரம் வரப் போகுது?” என்று கேட்டாள்.

“எனக்கு மட்டும்தான்.” மறுபடி உதடு பிதுங்கியது. “அண்ணனுக்கு வராது.”

“அவனுக்கு ஏன் வராது?”

“அவன் அரைச்சு முழுங்கினான்.”

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பெஞ்சின் கோடியில் வக்கீல் தனியாக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த பல் தேய்க்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து அவன் அழவும் இல்லை, வயிற்றைத் தொடவும் இல்லை. அதனாலேயே யாரும் அவன் பக்கம் போகவில்லை.

நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். “நாலு வயசுப் புள்ள சொல்றது. வேன்ல வர்றதுக்குள்ள இவளே பலவிதமாச் சொல்லிட்டா. ஆனா அவன் கடிச்சானான்னு யாரும் கேக்கல, தானாச் சொன்னா.” டாக்டரம்மா செவிலியின் கையை அமர்த்தினார். “சீக்கிரம் கேளுங்க” என்றார்.

வக்கீலிடம் “கடித்தாயா” என்று கேட்டுப் பயனில்லை. குழாய் யாருக்கு என்று பேசிக்கொண்டதை அவன் கேட்டுவிட்டான். நாலு வயதுப் பிள்ளை தன் மனதில் இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கும். ஆறு வயதுக்காரன், தான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தவன். சமாளிப்பு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

“டேய் வக்கீலு, ஒரு சந்தேகம்.”

“என்ன?”

“இந்த மரம் முளைக்கிற விஷயம். எல்லாக் கொட்டையும் முளைச்சிடுமா?”

“முளைக்காது.” அவனுக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. “முழுசா இருந்தாத்தான் முளைக்கும். நாம டப்பாவுல பயறு போட்டோம்ல? ஒடஞ்சது எதுவுமே முளைக்கல. நான்தான் பாத்தேன்.”

“ஆமாடா, நீதான் பாத்த. அப்ப தெரியாம முழுங்கினவங்க என்ன பண்ணணும்?”

“முழுங்கினப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. முழுங்கறதுக்கு முன்னாடி கடிச்சிடணும்.” தங்கையைக் கையால் காட்டினான். “அவ முழுசா முழுங்கிட்டு அழுதா. கடிச்சுத் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு நான் காட்டினேன்.”

“உள்ள எப்படிடா இருந்துச்சு?”

“வெள்ளையா. வழவழன்னு. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் தொண்டையில காந்துச்சு. அதான் இன்னொண்ணத் துப்பிட்டேன்.” சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் எல்லாரும் பேச்சை நிறுத்தியிருப்பதைக் கவனித்தான். “எனக்குக் குழாய் வேணாம்” என்றான்.

“நீயாக் குடிச்சா குழாய் வேணாம்” என்றார் டாக்டரம்மா.

கறுப்புக் கரைசலைக் கொண்டுவந்தார்கள். சமாளிப்பு டம்ளரைப் பிடித்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பினான். “கருமமா இருக்கு.” “கருமந்தான். குடி” என்றாள் அவள். குடித்தான். சட்டையெல்லாம் கரி. உருண்டைக்குக் குழாய் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தங்கையையும் அவனையும் கண்காணிப்பில் வைத்தார்கள். ஓட்டுநர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றார்.

சாயங்காலம் வக்கீலுக்கு வாந்தி தொடங்கியது. பிறகு பேதி. கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். “விஷம் கொஞ்சம் இறங்கியிருக்கு. எவ்வளவுன்னு காலையிலதான் சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா.

அப்போது சமாளிப்பு என் பக்கம் வந்தாள். “அந்த மரக் கதைய அவங்கம்மாகிட்டச் சொல்லணும் சிஸ்டர்.”

“இப்பவா? அவளுக்கு இருக்கிறது போதாதா?” என்றேன். அவள் கேட்கவில்லை. நேரே போனாள். “அவன் ஏன் கடிச்சான் தெரியுமா? முழுங்கினா மரம் முளைக்கும்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். நான் சொல்லலன்னா அவன் கடிச்சிருக்க மாட்டான்.”

அந்த அம்மா மகன் பக்கம் திரும்பிக்கொண்டாள். “போயிடுங்க. எம் முன்னாடி நிக்காதீங்க.”

சமாளிப்பு போனாள். தங்கையின் கட்டில் துணித் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். தங்கையின் மலத்தை ஒவ்வொரு தடவையும் பார்த்து, விதை வெளியே வந்துவிட்டதா, முழுசாக வந்ததா என்று சொல்ல வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அம்மா மகனை விட்டு நகர மாட்டாள். யாராவது செய்யத்தானே வேண்டும். சமாளிப்பை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது வாந்தி நின்றிருந்தது. ஆனால் வக்கீல் வேறொரு வம்பு தொடங்கியிருந்தான். தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான். உதடு வெடித்திருந்தது. அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், கரண்டியால் பல்லுக்கு நடுவே விடப் பார்த்தாள். துப்பினான். இரவு வீட்டுக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்தபோது, கையிலிருந்த ஊசியை அவன் பிடுங்கப் பார்த்ததால் செவிலி அவன் கையைக் கட்டிலோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“இது போயே ஆகணும். உடம்புல இருந்த தண்ணியெல்லாம் போயிருக்கு. இப்ப இதையும் பிடுங்கினா இன்னைக்கு நான் எதுக்கும் உறுதி சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா.

“ஏண்டா தங்கம் குடிக்க மாட்டேங்குற?” என்றாள் அம்மா. நூறாவது தடவையாக இருக்கலாம்.

“தண்ணி ஊத்தினா வளரும்” என்றான். குரலே இல்லை.

அவன் யோசித்திருக்கிறான். கடித்தால் முளைக்காது என்று கணக்குப் போட்டான். ஆனால் வயிறு வலித்தது, உள்ளே ஏதோ பிறாண்டியது. அப்படியானால் கணக்கு தப்பு, அது முளைக்கிறது. முளைத்தால் தண்ணீர் கூடாது. ஊசி வழியாக ஏறுவதும் தண்ணீர்தான். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது. முதல் படிதான் பொய்.

அம்மா எழுந்து திரையை விலக்கினாள். “அக்கா, வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

சமாளிப்பு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்றாள். “டேய், வயித்துல மரம் முளைக்காது. கடிச்சாலும் முளைக்காது, முழுங்கினாலும் முளைக்காது. நான் சொன்னது பொய்.”

“பொய்யா?”

“பொய். கொட்டைய முழுங்கக் கூடாதுன்னு பயமுறுத்தச் சொன்னேன்.”

“இப்ப தண்ணி குடிக்கணும்னுதான் இதச் சொல்றீங்க” என்றான்.

“ஆமா.”

“அப்ப இதுவும் பொய்யா இருக்கலாம்ல?”

“இருக்கலாம்” என்றாள் அவள். “டாக்டரம்மாவக் கேளு.”

“அவங்களும் நான் குடிக்கணும்னுதான சொல்றாங்க.”

அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. சமாளிப்பு திரைக்கு அந்தப் பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே ஒரு விதை. பழுப்புப் புள்ளிகள் அழியாமல், ஓடு விரியாமல், கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கழுவித் துடைத்ததுதான்.

“இது உன் தங்கச்சியோடது. இப்பத்தான் கக்காவுல வந்துச்சு. நேத்திலிருந்து உள்ள இருந்துச்சு. அவ தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தா. கேளு அவகிட்ட.”

“எத்தனை டம்ளர் குடிச்ச?” என்றான் திரையைப் பார்த்து.

“நெறைய. பாலும் குடிச்சேன்” என்றது உள்ளேயிருந்து.

“கிட்டக் காட்டுங்க.”

அவள் குப்பியை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். திருப்பச் சொன்னான், திருப்பினாள். நுனியைக் காட்டச் சொன்னான். பயறு முளைத்தபோது வெள்ளையாக ஒரு வால் அந்த நுனியில்தான் வந்திருந்தது. மூடியைத் திறக்கச் சொன்னான். கட்டாத கையின் விரலை உள்ளே விட்டு அந்த நுனியைத் தடவிப் பார்த்தான்.

“வேரே இல்ல” என்றான்.

“இல்ல.”

“ஊறக்கூட இல்ல.”

“இல்ல.”

பிறகு வாயைத் திறந்தான். அம்மாவின் கையிலிருந்து கரண்டியைச் சமாளிப்பு வாங்கிக்கொண்டாள். முதல் வாய் உள்ளே போனது. வாந்தி வருகிறதா என்று பொறுத்துப் பார்த்து, அடுத்ததைக் கொடுத்தாள். அம்மா அவளுக்கு உட்கார முக்காலியை நகர்த்திப் போட்டாள். நான் குப்பியை மூடி, டாக்டரம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவன் விரலைக் கழுவச் சோப்பு எடுத்து வந்தேன்.